தலைக்கு மேல் ஓர் இஞ்ச்

எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சர் யாரிடமும் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார். தலைக்கு மேலே ஓர் இஞ்ச் தள்ளி, வெறும் காற்றைப் பார்ப்பார். புதிதாக வருகிறவர்கள் தங்களுக்குப் பின்னால் சுவரில் பல்லி ஏதோ இருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் திரும்பிப் பார்த்தவன்தான்.

தாம்பரத்துக்கு மாற்றலாகி, கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த முதல் நாள். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் பதிலுக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் மட்டும் என் உச்சந்தலைக்கு மேலே ஒரு கணம் பார்த்துவிட்டு, "அஞ்சடி அஞ்சு" என்றார்.

"அஞ்சடி ஏழு" என்றேன்.

"ஷூ போட்டுகினு கீறீங்க சார். ஷூக்கு ஒண்ணு, முடியத் தூக்கி வாரினதுக்கு ஒண்ணு. கழிச்சா அஞ்சு."

பெண் பார்க்கப் போன காலத்திலிருந்து நான் ஐந்தடி ஏழு. என் மனைவி அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள். அன்று வீட்டுக்குப் போனதும் கதவில் முதுகைச் சாய்த்து, பென்சிலால் கோடு போட்டு, டேப் பிடித்துப் பார்த்தேன். ஐந்தடி ஐந்து. டேப் பழசு என்று மறுநாள் புதிய டேப் வாங்கினேன். அதுவும் ஐந்தடி ஐந்துதான். அந்த டேப்பை இன்றுவரை மனைவி கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

டீச்சர் குட்டையான ஆள். பருத்திப் புடவை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் தாலியோடு சேர்ந்து தொங்கும் விசில். அவருடைய உயரம் என்னவென்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "தராசு தன்னத் தானே நிறுத்துக்குமா சார்?" என்பார். நான் ஒரு முறை அவர் கரும்பலகை பக்கத்தில் நின்றபோது, பலகையின் விளிம்பை வைத்து மனதுக்குள் கணக்குப் போட முயன்றேன். உடனே நகர்ந்துவிட்டார்.

எங்கள் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அப்போதுதான் டீச்சரின் பைத்தியம் புரியும். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி. சுற்றிலும் கிராமங்களாக இருந்தவை, இப்போது நகர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோடு ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் படித்தார்கள். மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து, இந்தப் பக்கம் வாடகை குறைவு என்று குடியேறிய பீகார்க்காரர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். ஒடிசா கொத்தனார்களின் பிள்ளைகள், அடகுக்கடை வைத்திருக்கும் ராஜஸ்தான்காரர்களின் பிள்ளைகள், பேக்கரி மலையாளிகளின் பிள்ளைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவல் இருக்கும் நேபாளிகளின் பிள்ளைகள். லாரி வைத்து ஓட்டும் ஒரு சர்தார்ஜியின் பையன் ஹர்மன்கூட இருந்தான்.

என் வகுப்பில் எத்தனை தாய்மொழி என்று ஒரு நாள் எண்ணினேன். ஒன்பது வந்தது. மறுநாள் ஒரு பையன் எழுந்து, "சார், நீங்க எங்க ரெண்டு பேரையும் ஹிந்தின்னு எழுதிட்டீங்க. எனக்கு போஜ்புரி, இவனுக்கு மைதிலி" என்றான். பதினொன்றாயிற்று. ஹிந்திக்கு ஆள் மிஞ்சுகிறானா என்று மறுபடி எண்ண வேண்டியிருந்தது. மிஞ்சவில்லை. பத்து. இந்த மனஉளைச்சலை டீச்சரிடம் சொன்னேன்.

"எனுக்கு அந்த பேஜாரே இல்ல சார்" என்றார். "முன்னாடி நிக்கறவன், நடுவுல நிக்கறவன், பின்னாடி நிக்கறவன். மூணே ஜாதி."

நிஜமாகவே அவருக்கு அவ்வளவுதான் தெரியும். எந்தப் பிள்ளை எந்த ஊர் என்று கேட்டால் விழிப்பார். "அந்த ஒடிசாப் பொண்ணு" என்றால் புரியாது. "பொம்பளப் புள்ளைங்க வரிசைல நாலாவது" என்றால், "தோ, அஞ்சடிக்கு அர இஞ்ச் கம்மி, சுபர்ணா" என்று சட்டென்று சொல்வார். உள்ளங்கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு, வரிசையின் தலைகள் மேலே விமானம் மாதிரி ஓட்டிக்கொண்டு போவார். கை எங்கே இடிக்கிறதோ அவன் பின்னால் போக வேண்டும். எங்கே பள்ளம் விழுகிறதோ அவன் முன்னால் வர வேண்டும்.

ஹர்மனிடம் மட்டும் கை நின்றுவிடும். அவன் உச்சியில் முடியைக் கொண்டையாக முடிந்து துணி கட்டியிருப்பான்.

"இத்த கழிச்சிட்டு அளக்கணும்" என்றார் டீச்சர்.

"அதுவும் என் தலதான் டீச்சர்" என்றான் அவன். தாம்பரத்திலேயே வளர்ந்த பையன்.

டீச்சர் நெடுநேரம் யோசித்தார். ஒரு மனிதனுக்கு இவ்வளவு நியாயமாக யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை. "செரி, பாதி கணக்கு" என்றார். பையன் இரண்டு இடம் பின்னால் போனான். இருவருக்கும் திருப்தி.

ஒரு முறை ஆதார் திருத்த முகாம் எங்கள் பள்ளியில் நடந்தது. பெற்றோர்கள் வெளியே வரை நின்றார்கள். ஒரே தள்ளுமுள்ளு. யார் முதலில் வந்தது என்று தமிழிலும் ஹிந்தியிலும் தெலுங்கிலும் சண்டை. டீச்சர் விசில் ஊதினார். ஐந்து நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் உயரப்படி நின்றது, குட்டை முன்னால், நெட்டை பின்னால். விடியற்காலையில் வந்து முதல் ஆளாக நின்றிருந்த ஒரு நெட்டையான மனிதர் கடைசிக்குப் போய்விட்டார். அவர் கொதித்தார்.

"இன்னாம்மா அநியாயம் இது! ஆறு மணிக்கே வந்தேன் நானு!"

"கத்தாதீங்கண்ணா. பின்னாடி நின்னாலும் உங்களுக்கு முன்னாடி நடக்கறது தெரியுது இல்ல? தோ அந்த அக்காவுக்குத் தெரியுமா?"

அவர் எட்டிப் பார்த்தார். தெரிந்தது. 

இதெல்லாம் வேடிக்கை. இனி சொல்லப்போவதும் வேடிக்கைதான், ஆனால் அதில் ஒரு பெண்ணுக்கு உயிர் போகிற விஷயம் ஒன்று இருந்தது.

குடியரசு தினத்தன்று பிள்ளைகள் மாநில உடைகளில் அணிவகுத்து வருவது எங்கள் பள்ளி வழக்கம். ஆளுக்கு ஒரு மாநில உடை, கையில் அந்த மாநிலத்தின் பெயர் எழுதிய பலகை. முன்பு இதை ஓவிய ஆசிரியர் நடத்தினார். அவர் கொள்கை எளிமையானது. "ஒரிஜினலே இருக்கும்போது வேஷம் எதுக்கு?" என்பார். ராஜஸ்தான் பெண் ராஜஸ்தான், ஒடிசாப் பெண் ஒடிசா, ஹர்மன் பஞ்சாப். எல்லாம் பொருந்தியது. பத்தாம் வகுப்பு அஸ்மிதாதான் பொருந்தவில்லை.

அஸ்மிதாவின் அப்பா ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. நேபாளத்திலிருந்து வந்தவர். நேபாளத்துக்கு நம்மிடம் பலகை கிடையாதே. ஓவிய ஆசிரியர் அவள் முகத்தைப் பார்த்தார், "சிக்கிம்" என்றார். அடுத்த வருடமும் சிக்கிம். அதற்கடுத்த வருடம் மாறுதலாக இருக்கட்டும் என்று அருணாசலப் பிரதேசம். அவள் விழுப்புரம் தாண்டியதில்லை.

அந்த வருடம் ஓவிய ஆசிரியர் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போய்விட்டார். தலைமையாசிரியர் பொறுப்பை டீச்சரிடம் கொடுத்தார். வாடகைக்கு வரும் உடைகளை எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு. என்னை விட்டால் யார் எண்ணுவார்கள்?

அணிவகுப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தண்ணீர்த் தொட்டி அருகே அஸ்மிதா டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். நான் குழாயில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இந்தத் தபா நான் தமிழ்நாடு நிக்கறேன் டீச்சர்."

"உயரம் வந்தா நில்லு."

"உயரமா? மூஞ்சிய வச்சு இல்லியா?"

"மூஞ்சிய வச்சி நான் இன்னா பண்றது? கடைக்காரன் ஒவ்வொரு டிரெஸ்ஸுக்கும் ஒரே ஒரு சைஸ்தான் தரான். சின்னதுல இருந்து பெருசு வரிக்கும் பெஞ்சு மேல அடுக்குவேன். உங்கள உயரப்படி நிக்க வெப்பேன். எவளுக்கு எது வருதோ அது. பொம்பளப் புள்ளைங்க டிரெஸ்ஸுல தமிழ்நாடு ஆறாவது. அஞ்சடி ஒண்ணு." டீச்சர் அவள் தலைக்கு மேலே பார்த்தார். "நீ நாலடி பதினொண்ணு. மூணாவது. மூணாவது கோவா."

"கோவாவா?" அஸ்மிதா தொட்டிச் சுவரில் சாய்ந்தாள். "டீச்சர், நான் பொறந்ததே இங்க குரோம்பேட்டை ஆஸ்பத்திரில. பஸ்ல ஏறினா எந்த ஊருன்றாங்க. கடைக்குப் போனா எந்த ஊருன்றாங்க. தாம்பரம்னு சொன்னா சிரிச்சிட்டு, 'அது செரி, சொந்த ஊரு எது'ன்றாங்க. ஒரு நாள் கைல போர்டு இருந்திச்சின்னா எவனும் கேக்க மாட்டான் இல்ல? ஒரே ஒரு நாள், டீச்சர்."

டீச்சர் விசிலை முந்தானையில் துடைத்தார்.

"ஒரு மாசம் கீதே, டீச்சர். வளந்துருவேன்."

"மாசத்துல ரெண்டு இஞ்ச் வளந்தா உன்ன பேப்பர்ல போடுவாங்கடி."

அவள் வளர முயன்றாள். அந்த ஒரு மாதம் பத்தாம் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. ஆளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். பீகார்ப் பையன் வீட்டிலிருந்து சத்துமாவு கரைத்துக் கொண்டுவந்தான். அடகுக்கடைக்காரர் மகள் கோமல் ஒரு டப்பாவில் நெய் கொண்டுவந்தாள். பேக்கரிக்காரர் மகன் நேந்திரம்பழம். ஹர்மன், "தொங்கு, தொங்கினாத்தான் எலும்பு நீளும்" என்று அவளை இடைவேளைதோறும் கம்பியில் தொங்கவிட்டான். கீர்த்தனா என்ற பெண் தினம் இரண்டு அவித்த முட்டை.

கீர்த்தனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிச்சூர்க்காரி. அவள் அப்பா சிமென்ட், கம்பிக் கடை வைத்திருப்பவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல மனிதர், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது. அவர் ஒரு நாள் ஆசிரியர் அறைக்கு வந்து, "தமிழ்நாடு போர்டு என் பொண்ணு கைலதானே டீச்சர்? ஏழு தலைமுறையா இந்த மண்ணு நாங்க" என்றார்.

"உயரம் வந்தா அவதான் சார்."

தலைவர் வீட்டுக்குப் போய் மகளை அளந்துவிட்டு வந்தார். ஐந்தடி ஒன்று, அச்சாக. வரிசையில் ஆறாவது. "அப்ப சரி டீச்சர், உங்க ரூலே ரூலு" என்று மகிழ்ச்சியாகப் போனார்.

மாதம் முடிந்தது. நெய்யும் முட்டையும் நேந்திரம்பழமும் சேர்ந்து அஸ்மிதா குறுக்கில்தான் வளர்ந்திருந்தாள்.

உடைகள் வந்தன. ஆண்களுக்குப் பதினான்கு, பெண்களுக்குப் பதினான்கு. நான் இரண்டு முறை எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர் பெஞ்சுகளின் மேல் உடைகளைச் சின்னதிலிருந்து பெரியதாகப் பரப்பினார். பெண்கள் வரிசையில் மூன்றாவது கோவா, நான்காவது ஒடிசா, ஐந்தாவது சிக்கிம், ஆறாவது தமிழ்நாடு. அரக்குப் பாவாடை, பச்சைத் தாவணி.

முதலில் பையன்கள். பீகார்ப் பையனுக்குப் பஞ்சாப் வந்தது. ஹர்மனுக்குக் கேரளா வந்தது. முடிச்சூர்ப் பையன் ஒருவன் நாகாலாந்து ஈட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரைக் குத்தலாம் என்று பார்த்தான். ஒரே கூச்சல். பிறகு பெண்கள்.

டீச்சர் விறைத்த உள்ளங்கையோடு வரிசையின் முன்னால் போய் நின்றார். நான் பக்கவாட்டில், பெஞ்சு ஓரமாக நின்றிருந்தேன். அதனால் எனக்கு வரிசை மொத்தமும் பக்கத்திலிருந்து தெரிந்தது. எண்ணுகிற பழக்கம் இருக்கிறதே, கண் சும்மா இருக்காது. தலைகளை எண்ணினேன், பதினான்கு. பிறகு கீழே பார்த்தேன்.

சுபர்ணா முழங்காலை மடக்கியிருந்தாள். கோமல் மடக்கியிருந்தாள். கீர்த்தனா, ஏழு தலைமுறைக் கீர்த்தனா, மற்ற இருவரையும்விட நன்றாக மடக்கி, கிட்டத்தட்ட ஸ்டூலில் உட்கார்ந்தவள் மாதிரி நின்றிருந்தாள். சுடிதாரின் துணி முட்டியில் புடைத்துக்கொண்டிருந்தது. மடங்கிய முழங்கால்கள் மொத்தம் ஆறு. அவர்களைத் தாண்டி ஆறாவது இடத்தில் அஸ்மிதா நின்றிருந்தாள், இரண்டு குதிகாலும் காற்றில். கழுத்து நரம்பு தெரிந்தது. மூச்சே விடவில்லை.

வரிசையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. பதினான்கு பெண்கள் ஒரே நேரத்தில் சிரிக்காமல் இருந்தால் அதைவிடச் சந்தேகமான காட்சி உலகத்தில் கிடையாது.

 தலைவருக்குத் தெரிந்தால்? டீச்சர் தப்பாக அளந்தார் என்று பெயர் வந்தால்? கிட்டத்தில் போய், "டீச்சர், கொஞ்சம் கீழ..." என்றேன்.

டீச்சர் திரும்பவே இல்லை. "சார், நீங்க துணிய எண்ணுங்க. உயரம் என் டிபார்ட்மென்ட்."

உள்ளங்கை தலைகள் மேலே கிளம்பியது. ஒன்று, இரண்டு, சுபர்ணா, கோமல், கீர்த்தனா. எங்கும் இடிக்கவில்லை. அஸ்மிதாவின் மேலே வந்தபோது, கூந்தலில் லேசாகப் பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கை நகர்ந்தது. ஏழு, எட்டு என்று கடைசிவரை போய் இறங்கியது.

"செரியா கீது" என்றார் டீச்சர். "எட்த்துக்கோங்க."

சுபர்ணா தன் சொந்த ஒடிசாவை ஓர் இட வித்தியாசத்தில் தவறவிட்டு, கோவாவாகியிருந்தாள். கோமல் ஒடிசா. கீர்த்தனா சிக்கிம். அந்தக் கட்டடம் அன்று கேட்ட கூச்சலை அதற்குப் பிறகு கேட்டதில்லை.

மறுநாள் தலைவர் வந்துவிட்டார். "டீச்சர், வூட்ல அளந்தேன். அஞ்சடி ஒண்ணு! எப்டி அஞ்சாவதா போனா?"

"எப்ப அளந்தீங்க?"

"காலைல. எழுந்த உடனே."

"அதான். காலைல ஆள் உயரமாத்தான் இருப்பாங்க. நான் மதியம் அளந்தேன். சாப்ட்டு, கிளாஸ்ல உக்காந்து, கொஞ்சம் இறங்கிடும்."

தலைவர் என்னைப் பார்த்தார். காலையில் மனிதர்கள் கொஞ்சம் உயரமாக இருப்பது உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். தலையாட்டினேன். ஆனால் அரை இஞ்சுக்கு மேல் இறங்காது என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குடியரசு தினம் காலை. உடை மாற்றும் அறையில் ஒரே ரகளை. ஹர்மன் பீகார்ப் பையனுக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான். பேக்கரிக்காரர் மகன் ஹர்மனுக்கு வேட்டி கட்டிவிட்டு, "மடிச்சுக் கட்டாத, கெஸ்ட் முன்னாடி மரியாதை இல்ல" என்று மிரட்டினான். சுபர்ணா கோவா கவுனில் நின்றுகொண்டு கோமலுக்கு ஒடிசாவின் சம்பல்புரிப் புடவை சுற்றினாள். கோமல், "இறுக்காதடி, செத்துருவேன்" என்று கத்தினாள்.

மூலையில் டீச்சர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் ஊக்குகள். அஸ்மிதாவின் பாவாடை இரண்டு விரல் அளவு தரையில் புரண்டது. அதை உள்பக்கமாக மடித்துக் குத்திக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் ஊக்கை வாயிலிருந்து எடுத்தார்.

"பட்டு சார். வெயில்ல நீண்டுகும்."

"அது பாலியஸ்டர், டீச்சர்."

"பாலியஸ்டரு இன்னும் மோசம்."

வெளியே மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெற்றோர்களையும் டீச்சர் விடவில்லை. குட்டை முன்னால், நெட்டை பின்னால். ஆறடித் தலைவர் கடைசி வரிசையில், பாதாம் மரத்தடியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மேடைக்கு எதிரே தனக்கென்று போட்டிருந்த நாற்காலியை அவர் ஏக்கத்தோடு பார்த்தார். அதில் யாரும் உட்காரவில்லை.

அஸ்மிதாவின் அம்மா தாமதமாக வந்தார். அந்தக் குடியிருப்பில் சில வீடுகளில் வேலை செய்கிறவர். இரண்டு வீட்டுக்கு நடுவில் அனுமதி கேட்டு வந்திருந்தார், நைட்டி மேல் போட்ட துண்டோடு. கேட்டருகே நின்று எட்டிப் பார்த்தார். டீச்சர் அவர் தலைக்கு மேலே பார்த்தார்.

"நாலடி எட்டு. மொத வரிசை."

"இல்ல டீச்சர், இங்கியே..."

விசில். அந்த அம்மா ஓடி வந்து, தலைவருக்கென்று போட்டிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற தாசில்தார். உற்சாகமான மனிதர். அணிவகுப்பு வந்து நின்றதும் மேடையிலிருந்து இறங்கி, ஒவ்வொரு பிள்ளையாகப் பேசிக்கொண்டே வந்தார். பெண்கள் வரிசையில், குட்டையிலிருந்து ஆரம்பித்தார். "நீ எந்த ஊரும்மா? நீ எந்த ஊரு?" என்று எல்லோரையும் கேட்டார்.  ஆறாவதாக நின்ற அஸ்மிதா பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. ஊக்குப் போட்டும்கூட அவள் குதிகாலைக் கீழே வைக்கவில்லை.

அவர் ஐந்தாவதுக்கு வந்தார். கணுக்கால் தெரியும் சிக்கிம் உடையில் கீர்த்தனா. பலகையைப் படித்துவிட்டு, மெதுவாக, கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "சிக்கிம்? அச்சா, அச்சா. தமிழ்... மாலும்?"

"நான் முடிச்சூர் சார்" என்றாள் கீர்த்தனா.

அவர் அசந்துபோய்க் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா! என்ன சுத்தமா பேசுது இந்தப் பொண்ணு! எவ்வளவு நாளாம்மா இங்க இருக்கீங்க?"

"ஏழு தலைமுறையா சார்."

"ஆகா, ஜோக்கு வேற அடிக்குது!" தன் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். மொத்த வரிசையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

பாதாம் மரத்தடியிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "சார்! அது நம்ம பொண்ணு சார்!"

"ஆமாங்க, ஆமாங்க! எல்லாம் நம்ம பொண்ணுங்கதான்!" என்று தாசில்தார் பதிலுக்குக் கத்தினார். கூட்டம் கைதட்டியது. தலைவர் மறுபடி வாயைத் திறந்தார். பிறகு மகளுக்குப் பொன்னாடை கிடைத்ததைப் பார்த்து அவரும் கைதட்டினார், எல்லோரையும்விடச் சத்தமாக.

அதே வேகத்தில் தாசில்தார் அடுத்த பெண்ணிடம் திரும்பினார். அஸ்மிதா. பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முதல் வரிசையில் அந்த அம்மா நாற்காலியின் நுனியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"பாத்தியாம்மா?" என்றார் அவர், சிக்கிமைக் காட்டி. "வெளியூர்லருந்து வந்த பொண்ணு, எவ்வளவு அக்கறையா தமிழ் கத்துக்கிட்டு பேசுது! நம்ம புள்ளைங்க, நீங்க இதப் பாத்துக் கத்துக்கணும்."

"செரிங்க சார்" என்றாள் அஸ்மிதா. "கத்துக்கறேன் சார்."

அவர் ஏழாவதுக்குப் போய், "நீ எந்த ஊரும்மா?" என்றார்.

அஸ்மிதாவின் இரண்டு குதிகாலும் மெல்லத் தரைக்கு வந்தன. நான் எண்ணினேன். இரண்டும்.

பக்கத்தில் டீச்சர் நின்றிருந்தார்.

"இன்னா சார் பாக்கறீங்க?"

"குதிகால் இறங்கிடுச்சு டீச்சர். இப்ப பழையபடி நாலடி பதினொண்ணுதான்."

டீச்சர் அவள் தலைக்கு மேலே ஓர் இஞ்ச் தள்ளிப் பார்த்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. பிறகு, அந்த ஒரு முறைதான் நான் பார்த்தேன், பார்வையை இறக்கி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

"அஞ்சடி ஒண்ணு" என்றார்.

"இல்ல டீச்சர், நான் பக்கத்துலருந்து..."

"நீங்க போயி துணிய எண்ணுங்க சார்." விசிலை வாயில் வைத்தார்.

எண்ணினேன். உடைகள் இருபத்தெட்டும் சரியாக இருந்தன. ஊக்குதான் நான்கு அதிகம். கடைக்காரரிடம் அதற்கு என்ன சொல்வது என்று அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.